நீதிபதி ஆதிமூலம் ஓய்வு பெறாமல் போன கதை

உயர் நீதிமன்றத்துப் பெரிய கூடத்தில் வாழைமரம் கட்டி, சம்பங்கி மாலை வரவழைத்து, வெள்ளிக் குத்துவிளக்கைப் பரிசுத் தாளில் சுற்றி வைத்து, பிரிவுரை வாசிக்கத் தலைமை நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அன்றோடு அறுபத்திரண்டு வயதாகி வீட்டுக்குப் போக வேண்டிய நீதிபதி ஆதிமூலம், அறுபத்திரண்டை எட்டாமல் அறுபத்தொன்றுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. மாலை போடுவதற்காக அவரைக் குனியச் சொன்னபோதுதான், பஞ்சாக நரைத்திருந்த பிடரிமுடியின் அடியில் கறுப்பு இறங்கியிருப்பதைத் தலைமை நீதிபதி பார்த்தார். பார்த்தவர் மாலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஆதிமூலம் தன் கண்ணாடியைக் கழற்றிக் கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதே" என்றார், ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டது என்று சொல்கிறவரைப்போல.

அரசாங்கம் மருத்துவக் குழுவை அனுப்பியது. எலும்பைப் படம் பிடித்தார்கள், பல்லைத் தட்டினார்கள், மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். வயது அறுபத்தொன்று, அதுவும் இறங்குமுகம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அறுபத்திரண்டு வயதை அடையும்வரை நீதிபதி பதவியில் இருக்கலாம் என்றுதான் சட்டத்தில் இருந்தது. அவர் அடையவில்லை, ஆகையால் இருக்கலாம் என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட, வாழைமரத்தை அவிழ்த்தார்கள். குத்துவிளக்கைக் கடைக்காரர் திரும்ப வாங்க மறுத்ததால் அது பதிவாளர் அறை மூலையில் பரிசுத் தாளோடு நின்றுவிட்டது.

அன்றைக்குக் கூடத்தின் கடைசி வரிசையில் நின்றவள் வெள்ளத்தாய். உவர்க்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவள். ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, நீதிபதி ஐயாவை ஒரு தடவை கடைசியாகப் பார்த்துவிட்டுப் போவோம் என்று பஸ் ஏறி வந்திருந்தாள். கும்பிட்ட கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தவள், சங்கதி காதுக்கு எட்டியதும் பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, "கேட்டுட்டாட்டி நம்ம அம்மன், கேட்டுட்டா" என்றாள்.

அந்த வருடம் நாட்டில் மழையைப் பற்றிப் பேசியவர்களைவிட ஆதிமூலத்தின் பிறந்தநாளைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம். உவர்க்குடி அளத்தைச் சரக்குத் துறைமுகம் கட்டுகிற கம்பெனிக்கு அரசாங்கம் கொடுத்திருந்தது. அதற்குத் தடை வாங்கி, வெள்ளத்தாயின் பெயரிலேயே வழக்கு நடந்தது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்து கேட்ட வழக்கு. மூன்று பேர் குடியிருக்கிறவர்கள் பக்கம், இரண்டு பேர் கேட்டு வருகிறவர்கள் பக்கம் என்பது பால்காரனுக்கும் தெரியும். அந்த மூன்றில் மூத்தவர் ஆதிமூலம். அவர் இறங்கினால் அந்த நாற்காலியில் ஏற ஆளுங்கட்சி ஒருவரைத் தயாராக வைத்திருந்தது. கடலோரத்தை வைத்துப் பிழைக்கத் தெரியாதவர்களுக்குக் கடலோரம் எதற்கு என்று மேடையிலேயே பேசியவர் அந்த ஆள். அவர் வந்தால் உப்பளம் மட்டுமா போகும், காடு போகும், குளம் போகும், சங்கம் வைக்கிற உரிமை போகும் என்று டீக்கடையில் ஒருவன் விரலை மடக்க, போனால்தான் நாடு உருப்படும் என்று இன்னொருவன் எழுந்து போவான். ஆகவே அவரவர் தங்கள் தெய்வத்திடம் போனார்கள். வக்கீல்கள் அர்ச்சனை செய்தார்கள், மாதா கோயிலில் பூசை வைத்தார்கள், தர்காவில் சர்க்கரை ஓதினார்கள். உவர்க்குடிப் பெண்கள் அளத்தின் கரையில் இருந்த அம்மனுக்கு முதல் வாரலில் எடுத்த உப்பைக் குவித்து வைத்து, "அவுகளுக்கு வயசு ஏறக்கூடாது தாயே" என்று கேட்டார்கள். யார் கேட்டது பலித்தது என்பதில் பின்னால் சண்டை வந்தது. பலித்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வயது மாதத்துக்கு ஒன்றாக இறங்கிக்கொண்டே போனது, கிணற்றில் வாளி இறங்குவதுபோல. மக்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள். ஓய்வு பெறப்போகிற தலைமையாசிரியர்களும் தாசில்தார்களும் நீதிமன்ற வாசலில் வந்து நின்று, அவர் கார் போன தடத்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்கள். முடிவெட்டுகிற கடைகளில் ஆதிமூலம் கறுப்பு என்று ஒரு சாயம் வந்தது. வயதைத் திருடுகிறவர் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் சுவரில் எழுதினார்கள். உங்கள் தலைவருக்கு முடிந்தால் அவரும் திருடட்டுமே என்று எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்குக் கீழே எழுதினார்கள். உவர்க்குடியில் அந்த வருடம் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ஆதிமூலம் என்று பெயர் வைத்ததில், தெருவில் நின்று ஒரு தாய் கூப்பிட்டால் நாலைந்து தொட்டில்கள் ஒன்றாக அழுதன.

அவரும் அப்போது அவர்களுக்குரியவராகத்தான் இருந்தார். அளத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஐம்பத்தொன்பதாவது வயதில், அதாவது இறங்கி வந்த ஐம்பத்தொன்பதில், உவர்க்குடிக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்தார். உப்புநீர் காலை அறுத்தது. வெள்ளத்தாய் ஓடிப்போய் வீட்டுக் குடிநீரைக் குடத்தோடு கொண்டுவந்து அவர் காலில் ஊற்றினாள். அங்கே குடிநீர் என்பது விலைக்கு வாங்குவது. அதை அவருடைய குமாஸ்தா சொன்னபோது ஆதிமூலத்தின் முகம் சுருங்கிப்போனது. "நான் இருக்கிற வரைக்கும் உங்க அளத்துல எவனும் வேலி போட முடியாதும்மா" என்றார். அவள் அதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. உப்புமூட்டையை இறக்கி வைத்தவளைப்போல அந்த வாரம் முழுக்க நிமிர்ந்து நடந்தாள், அவ்வளவுதான்.

அரசாங்கத்து வக்கீல் ஒவ்வொரு தடவையும் எழுந்து வாய்தா கேட்பார். தலைவலி என்பார், வழக்குக் கட்டு வரவில்லை என்பார், மூத்த வக்கீல் வெளியூர் என்பார். இறங்குகிற வயது எங்கேயாவது நின்று திரும்ப ஏறாதா என்று அவர்கள் காத்திருந்தார்கள். பத்தாவது மாதத்தில் ஒரு நாள் அதே வக்கீல் எழுந்து, வேட்டி கட்டிய மாப்பிள்ளைபோலச் சிரித்து, "அரசுத் தரப்பு தயாராக இருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் இறுதி விசாரணை வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

வெள்ளத்தாய்க்குச் சந்தோஷம். அவளுடைய வக்கீல் குரூஸ் மச்சாதுவுக்கு முகத்தில் ரத்தமில்லை. கடற்கரைப் பையன்தான் அவனும். அவளை அக்கா என்று கூப்பிடுகிறவன். வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"யக்கா, அவனுவ ஏன் சிரிக்கானுவன்னு இப்பதான் எனக்கு விளங்குது. நாமதான் மடத்தனமா இருந்துட்டோம்."

"என்ன தம்பி, ஐயா நம்ம பக்கந்தான இருக்காவ?"

"இப்ப இருக்காவ. இப்ப அவுகளுக்கு ஐம்பத்திரண்டு. அவுக ஐம்பத்தொண்ணுல இருக்கப்பதான் சடையாண்டி செத்தான்."

சடையாண்டி யார் என்று அவளுக்குத் தெரியாது. மச்சாது சொன்னான். மலையடிவாரத்து விவசாயி. பஞ்சாலைக்கு எடுத்த நிலத்தின் மேல் இருந்த தடையை ஆதிமூலம் ஒரு வரியில் நீக்கியபோது, சடையாண்டி நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு அவர் காருக்கு முன்னால் வந்து விழுந்தான். ஆதிமூலம் இறங்கி அவன் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். உயிர் அங்கேயே போயிற்று. அதற்கு முன்னால் அவர் கம்பெனிகளுக்கு வழக்காடிப் பெயர் வாங்கி, அதே மனசோடு நீதிபதியானவர். அதற்குப் பின்னால் எழுதிய தீர்ப்புகளைத்தான் உவர்க்குடி வரைக்கும் உள்ளவர்கள் நெஞ்சில் வைத்துக் கும்பிட்டார்கள்.

"ஐம்பத்தொண்ணையும் தாண்டி இறங்கிட்டாவன்னா, சடையாண்டி சாகலக்கா. செத்ததும், அதுக்குப் பின்னால நடந்ததும் அவுகளுக்குத் தெரியாது. அப்புறம் நமக்கு முன்னால உக்காந்திருக்கது வேற ஆளு."

வெள்ளத்தாய் மரத்தில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "வா, அவுக வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

நீதிபதியின் வீட்டுக்கு வழக்காடுகிறவர்கள் போகக்கூடாது. மச்சாது அதைச் சொன்னான். சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறினான்.

ஆதிமூலம் பங்களாவின் பின்பக்கத்தில் இறகுப்பந்து விளையாடிவிட்டு, கழுத்தில் துண்டோடு வந்தார். மனைவி இறந்து தனியாக இருந்தவர். தோள் விரிந்திருந்தது, தொந்தி இல்லை, மீசை கறுத்திருந்தது. ஆனால் வெள்ளத்தாயைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவருடைய கண் தன் காலுக்குப் போய்த் திரும்பியது.

"வாங்கம்மா. வரக்கூடாது, இருந்தாலும் வந்துட்டீங்க. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"ஐயா, உங்களுக்கு வயசு ஏறக்கூடாதுன்னு அம்மன்கிட்ட கேட்டது நாங்கதான். இப்ப நாங்களே வந்து நிக்கோம். நீங்க எந்திச்சுப் போயிருங்க ஐயா. காலி நாற்காலி எங்கள ஒண்ணும் செய்யாது, தடை அப்படியே கிடக்கும். அதுல ஆள் போடதுக்குள்ள தேர்தல் வந்துரும்னு தம்பி சொல்லுது. போன வருசம்னா நீங்க போனா எங்களுக்குச் சாவு. இப்ப நீங்க இருந்தாத்தான் சாவு."

மச்சாது தலையைக் குனிந்துகொண்டான். ஆதிமூலம் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்க நேரமாயிற்று.

"தெரியும்மா. நானும் யோசிச்சேன். இன்னும் கொஞ்ச நாள்ல சடையாண்டி எனக்கு நடக்காத விஷயமாயிடுவான்."

"தெரிஞ்சே இருக்கியளா?"

"உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? அவன் தலை என் மடியில கிடந்ததுல இருந்து, அந்த மருந்து வாடை என்னை விட்டுப் போகல. எத்தனை தடவை குளிச்சாலும் போகல. ராத்திரி படுத்தா பக்கத்துல வந்து உக்காருவான். ஒண்ணும் கேக்க மாட்டான், சும்மா உக்காந்திருப்பான். நல்ல தீர்ப்பு எழுதின அன்னைக்கும் வந்தான். உங்க ஊருக்கு வந்துட்டுப் போன அன்னைக்கும் வந்தான். இப்ப ஒரு மாசமா வாடை குறைஞ்சுகிட்டே வருது. போன வாரம் மத்தியானம் நாற்காலியிலேயே தூங்கிட்டேம்மா. எந்திரிச்சப்ப எங்கே இருக்கேன்னே புரியல. அப்படி ஒரு தூக்கம்."

அவர் அதைச் சொன்னபோது, பட்டினி கிடந்தவன் விருந்துச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல முகத்தில் ஒரு பளபளப்பு வந்து போனது. அவருக்காகப் பாவப்படுவதா, அவரைப் பார்த்துப் பயப்படுவதா என்று வெள்ளத்தாய்க்குத் தெரியவில்லை.

"தூங்குங்க ஐயா. நல்லாத் தூங்குங்க, யாரு வேண்டாம்னா? நாற்காலிய விட்டு இறங்கி வீட்டுல தூங்குங்க. எங்க அளத்தத் தலைக்கு வச்சுத் தூங்காதீங்க."

ஆதிமூலம் அழுதார். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை, கறுத்த மீசையோடு, குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு, "திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துடறேன்" என்றார்.

"சத்தியமாவா?"

நீதிபதியிடம் சத்தியம் கேட்கிறாளே என்று மச்சாது பதறி அவள் முந்தானையை இழுத்தான். ஆதிமூலம் காய்த்துப்போன அவள் உள்ளங்கையை எடுத்துத் தன் தலையில் வைத்து, "சத்தியம்" என்றார்.

அவள் ஊருக்குப் போகாமல் தலைநகரத்திலேயே ஒரு மடத்தில் தங்கினாள். திங்கட்கிழமை மாலைவரை நீதிமன்றத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மச்சாதுவும் அவளும் பங்களாவுக்குப் போனார்கள். வாசல் காவலர் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, "ஐயா தூங்குறாங்க. எழுப்பக் கூடாதுன்னு உத்தரவு" என்றார்.

"இந்நேரத்துலயா?"

"இப்பல்லாம் அப்படித்தாம்மா. குழந்தை மாதிரி தூங்குறாங்க."

செவ்வாய்க்கிழமையும் தூங்கினார். புதன்கிழமையும் தூங்கினார். உள்ளே ஒரு சன்னல் திறந்திருந்தது, அதில் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வெள்ளத்தாய் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஐயா! சத்தியம் பண்ணுனியளே ஐயா!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். திரைச்சீலை ஒரு கையால் விலக்கப்பட்டு, திரும்ப விடப்பட்டது. அது காற்றில்லை. அதை அவள் மச்சாதுவிடம்கூடச் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறி, வழி முழுக்கத் தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

இறுதி விசாரணைக்கு வந்து உட்கார்ந்தவருடைய முகத்தில் ஒரு கோடு இல்லை. ஆளுங்கட்சிக்காரர்கள் அன்றைக்குக் கூடம் நிறைய வந்திருந்தார்கள். வயதைத் திருடுகிறவர் என்று எழுதிய சுவர்களையெல்லாம் அதற்கு முந்தின வாரமே வெள்ளையடித்திருந்தார்கள். மச்சாது எழுந்து, ஐயா நேரில் வந்து அளத்தைப் பார்த்ததை நினைவுபடுத்தினான். ஆதிமூலம் புருவத்தைத் தூக்கி, "எந்த அளம்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். பிறகு அவர் பார்வை வெள்ளத்தாய் மேல் வந்தது, ஒரு தூணின் மேல் படுவதுபோலப் பட்டு, அடுத்த தூணுக்குப் போனது.

அந்த மறதிக்கு அவர் பொறுப்பில்லை என்று பிறகு சில நல்லவர்கள் எழுதினார்கள், பேசினார்கள். மறக்கப்போகிறோம் என்று தெரிந்த நாளில் அவர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துத் திரும்ப விட்டாரே, அதற்கு யார் பொறுப்பு என்று வெள்ளத்தாயிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

சில குடும்பங்களின் பழக்கம் ஒரு மாநிலத்தின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. மூன்றுக்கு இரண்டு. தீர்ப்பை வாசித்த குரல் கணீரென்று, இளமையாக, கேட்கவே நன்றாக இருந்தது.

உவர்க்குடியில் தாய்மார்கள் பிள்ளைகளின் பெயரை மாற்றினார்கள். ஒருத்தி குலதெய்வத்தின் பெயரை வைத்தாள், ஒருத்தி நடிகன் பெயரை வைத்தாள். இரண்டு மூன்று பேர் அம்மன் முன்னால் போய் மண்ணை வாரித் தூற்றி, "நீயும் அவன்கூடச் சேந்துக்கிட்டயா" என்று கத்தினார்கள். வெள்ளத்தாய்தான் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அவ மேல என்னட்டி குத்தம்? வயசு ஏறக்கூடாதுன்னு கேட்டோம், குடுத்துட்டா. மனசு இறங்கக்கூடாதுன்னு நாம கேக்கலயே."

வேலி வந்தது. பாத்திகளின் மேல் செம்மண் வந்து விழுந்தது. வயிறு கேட்காது என்பதால், உப்பு வாரியவர்கள் கம்பெனி வாசலில் வரிசையில் நின்று சிமெண்டு மூட்டை சுமக்கப் போனார்கள்.

ஆதிமூலத்தின் வயது நிற்கவில்லை. நாற்பதும் போய், முப்பத்தைந்தும் போய், நீதிபதியாவதற்கு வேண்டிய அனுபவமே இல்லாத வயதுக்கு அவர் இறங்கிவிட்டபோது, அரசாங்கம் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தது. இடையில் வந்த தேர்தலில் ஆளுங்கட்சியே திரும்பவும் ஜெயித்திருந்ததால் அந்த நாற்காலியில், எல்லோரும் முன்பு பயந்த அந்த ஆளே வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு டீக்கடைகளில் யாரும் விரலை மடக்கவில்லை. மடக்க விரல் மிச்சமில்லை.

அதற்கு அடுத்த வருடம், சித்திரை வெயிலில், ஒரு பையன் உவர்க்குடியில் பஸ்ஸிலிருந்து இறங்கினான். இருபத்திரண்டு வயதிருக்கும். கதர்ச் சட்டை, தோளில் ஜோல்னாப்பை, மோவாயில் பூனைமுடிபோல ஒரு தாடி. நீதிபதி ஆதிமூலம் சட்டக் கல்லூரியில் படித்த காலத்தில் இப்படி ஊர் ஊராகப் போய்த் தொழிலாளிகளுக்காகக் கொடி பிடித்தார் என்பதும், பிறகு கல்யாணமும் கம்பெனிக் கட்சிக்காரர்களும் வந்து அது விட்டுப்போனது என்பதும் யாருக்கும் நினைவில் இருக்கவில்லை. மத்தியானச் சோறு தின்றுவிட்டு வேலி ஓரமாகக் கைகழுவிக்கொண்டிருந்த வெள்ளத்தாயிடம் அவன் நேராக வந்தான். அந்தப் புருவம் அவளுக்குத் தெரிந்தது. அவள் கையில் இருந்த தண்ணீர் அப்படியே ஒழுகியது.

"அம்மா, இங்கே உப்பளம் இருந்ததாமே? பேப்பர்ல படிச்சேன். தூங்க முடியல எனக்கு. உங்களுக்காகப் போராட வந்திருக்கேன்."

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. எங்கே தேடியும் இல்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. திட்டுவதற்கு அவள் சேர்த்து வைத்திருந்த சொற்கள் அத்தனையும் இறங்க இடமில்லாமல் நின்றன. செய்தவனைத் தேடி எங்கே போவது? அவன் இந்தப் பையனுக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை.

"யாரும்மா தீர்ப்பு எழுதின அந்த நீதிபதி? யாரோ கிழவனாத்தான் இருக்கணும். வயசானவங்களே இப்படித்தான், மனசு மரத்துப் போயிடும்" என்றான் பையன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வெள்ளத்தாய் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"இல்லய்யா. வயசானப்ப நல்லாத்தான் இருந்தாவ" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. மேலே கேட்பதற்குள் கம்பெனிச் சங்கு ஊதியது. நேரம் தப்பினால் அரைநாள் கூலி போகும். அவள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்குள் போனாள், மற்றப் பெண்களும் போனார்கள். பையன் வேலிக்கு வெளியே வெயிலில் நின்று, முஷ்டியை உயர்த்தி, "உப்பளம் யாருக்குச் சொந்தம்?" என்று தொண்டை கிழியக் கத்தினான். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தி, காத்திருந்தான். உள்ளே பெண்கள் மூட்டைக்குக் குனிந்துகொண்டிருந்தார்கள். அவன் இன்னும் ஒரு தடவை கத்தினான், குரல் கணீரென்று, கேட்க நன்றாகத்தான் இருந்தது.